திறந்த தேதி

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு மாதம் அறைக்குள் வரைபட வேலை. இன்று மறுபடி வெளிவேலை தொடங்கிவிட்டது. புறவழிச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். பதினோரு கிலோமீட்டருக்குத் தரையின் உயரங்களை அளந்து மட்டம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மேலதிகாரி கோப்பை நீட்டியபோது சரி என்றேன். முடியாது என்று சொல்லக் காரணம் எதுவும் தோன்றவில்லை. சரி என்று சொல்லவும் தோன்றவில்லை, வாய் சொல்லிவிட்டது.

எனக்கு வெயில் ஆகாது. நில அளவையாளனுக்கு வெயில் ஆகாது என்றால் மீன்காரனுக்கு வாடை ஆகாது என்பதுபோல. அலுவலகத்தில் எல்லோரும் அந்தக் கிண்டலைச் செய்து ஓய்ந்துவிட்டார்கள். ஐந்து வருட நோய். வெயில் பட்டால் தோல் சிவந்து தடிக்கும். அதோடு நின்றால் பரவாயில்லை; மூட்டுவலி, ஜுரம் என்று உள்ளே இறங்கும். தினம் ஒரு மாத்திரை, வெளியே போனால் மருந்து கலந்த சன்ஸ்கிரீன் லோஷன். இவ்வளவுதான் வைத்தியம். இதைக் கட்டிக் காத்தவள் என் மனைவி. போன நவம்பர் பத்தாம் தேதி, வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே வாசலில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். 

காலையில் லோஷன் பாட்டிலை எடுத்தேன். மேலே கறுப்பு மார்க்கரில் அவள் எழுத்து: திறந்தது 17/10. எதைத் திறந்தாலும் தேதி எழுதிவிடுவாள். இருமல் மருந்து, தரை துடைக்கிற திரவம், சுவர்க் கடிகாரத்து பேட்டரி. அவளுடைய 'ற' எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கும்.

இது அவள் வாங்கி வைத்த கடைசி பாட்டில். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே முப்பது மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. லோஷன் நிற்கிற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஒரு நாளைக்கு அரை மில்லி என்றால் ஐம்பத்தொன்பது வேலை நாள். சனி ஞாயிறு கழித்தால் மே 22 வரை வரும்.

அரை மில்லி என்பது ஒரு பட்டாணி. முகத்துக்கும் இரண்டு கைக்கும் இழுத்துத் தேய்த்தேன். போதும்.

மார்ச் 4, புதன்

ஒரு கிலோமீட்டர் முடிந்தது. இரண்டாவது கோடு.

மார்ச் 9, திங்கள்

அளவுக் கம்பத்தைப் பிடிப்பவன் பெயர் எங்களுக்கெல்லாம் மறந்தே போய்விட்டது, ஒட்டகம் என்றுதான் கூப்பிடுகிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் எது கம்பம், எது இவன் என்று தெரியாது. இன்று மத்தியானம் ஜீப் நிழலில் சாப்பிடும்போது என் பின்பக்கமாக வந்து நின்றான்.

"சார், பின்கழுத்து நல்லாவே சிவந்திருக்கு. அங்க பூசலையா?"

"கை எட்டாது."

"எட்டாம என்ன சார், கழுத்துதானே?"

சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கை எட்டும். ஆனால் பின்கழுத்து என்றைக்கும் என் வேலையாக இருந்ததில்லை. நாள் முழுக்கக் கருவிக்கு முன்னால் குனிந்து நிற்கிறவனுக்குச் சூரியன் முகத்தில் அடிக்காது, பின்கழுத்தில்தான் உட்காரும். காலையில் நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். அவள் பாத்திரம் கழுவின ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்து, காலரை விலக்கி, சில்லென்று பூசுவாள். நான் தோளைக் குறுக்குவேன். "ஆடாதய்யா, கண்ணுக்குள்ள போயிடும்" என்பாள். பின்கழுத்தில் பூசினால் கண்ணுக்குள் எப்படிப் போகும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பூசி இருபது நிமிடம் ஆனபிறகுதான் வாசல் தாண்ட விடுவாள். மத்தியானம் இரண்டு முறை ஃபோன் வரும். "பூசியாச்சா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாள்.

இப்போது ஒரு முறைதான் பூசுகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பூசினால் பாட்டில் மார்ச்சைத் தாண்டாது.

மார்ச் 13, வெள்ளி

மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆசிரியை சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். வெளியே வந்ததும் பொடிசு கேட்டது: "என்ன சொன்னாங்க?"

ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

"நல்லாப் படிக்கிறியாம்."

"அவங்க அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாங்க" என்றாள். பதினாறு வயதாகிவிட்டது, இன்னும் பொடிசு என்றுதான் வாயில் வருகிறது. அம்மா போனபிறகு அவளும் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று அசிங்கமாகிவிட்டது.

உயரம் தெரிந்த ஒரு கல்லில் தொடங்கி, சுற்றிவந்து, அதே கல்லில் மட்டத்தை முடிக்க வேண்டும். தொடங்கிய எண்ணும் முடிக்கிற எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரலாம். இன்று ஐந்து சென்டிமீட்டர் வந்தது. இருபத்திரண்டு வருட வேலையில் எனக்கு இப்படி வந்ததில்லை.

காரணம் தெரியும். லோஷன் கொஞ்ச நாளாகத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. மேலே எண்ணெய் தனியாக, அடியில் வெள்ளை தனியாக. குலுக்கித்தான் எடுக்கிறேன். ஜீப்பில் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பதால் பாட்டில் கையைச் சுடுகிறது. வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போனது. எரிச்சல். வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை, இடது கண்ணால் படித்தேன். மூன்றை எட்டு என்று எழுதியிருப்பேன்.

தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கண்ணைக் கழுவிவிட்டது ஒட்டகம்தான்.

"சார், மருந்து வாடை ஒரு மாதிரி இருக்கே. கெட்டுப் போச்சோ?"

"மருந்துன்னா வாடை அடிக்கத்தான் செய்யும்."

"போன வருஷம் அடிக்கலையே."

நாளை மறுபடி அதே ஒன்றரை கிலோமீட்டர். மேலதிகாரியிடம் ஒட்டகம் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் அந்த வெயில்தானே, அந்த நடைதானே. மனசாட்சி குத்தவேண்டிய இடம் இது. குத்தவில்லை.

பதினோராவது கோடு.

மார்ச் 24, செவ்வாய்

கன்னத்தில் இரண்டு பக்கமும் தடிப்பு. முழங்கையிலும். பட்டாணியைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று யோசித்தேன். கணக்கு மே 22-லிருந்து ஏப்ரல் கடைசிக்கு வந்துவிடும். வேண்டாம்.

கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டேன். பொடிசு பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லக் கைவசம் ஒரு பொய் வைத்திருந்தேன். அது வீணாகிப் போனது.

மார்ச் 25, புதன்

பாட்டிலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு தேதி அச்சாகியிருப்பது எனக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் இருப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பாமல் இருந்தால் போதும்.

மார்ச் 30, திங்கள்

பின்கழுத்தில் கொப்புளம். காலையில் காலர் ஒட்டிக்கொண்டது. புண் மேலேயே லோஷனைத் தடவினேன், முதல் முறையாகப் பின்கழுத்தில், நானே. உயிர் போகிற மாதிரி எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. நவம்பருக்குப் பிறகு ஏதோ ஒன்று உறைத்தது.

பதினொரு மணிக்குக் கால் நடுங்கியது. முட்டி மடங்கவில்லை. கருவியின் முக்காலியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். ஜுரம். கருவி ஆடியிருக்கும், மறுபடி மட்டம் பார்த்து வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒட்டகம் கம்பத்தைச் சாலையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். கம்பத்தைக் கீழே போடுகிற ஆளே இல்லை அவன்.

வீட்டில் கொண்டுவந்து விட்டதோடு போயிருக்கலாம். பள்ளியிலிருந்து வந்த பொடிசிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வழிந்தது, வாடை அடித்தது, ஒரு தரம்தான் பூசினேன் என்பதுவரை.

இருபதாவது கோடு போட்டேன். படுத்துக்கொண்டே.

மார்ச் 31, செவ்வாய்

தோல் டாக்டரிடம் பொடிசு கூட்டிப்போனாள். நான் கூட்டிப்போகவில்லை, அவள்தான். ஆட்டோவில் என் மருத்துவ அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடியே வந்தாள்.

டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு கையை நீட்டினார்.

"என்ன பூசுறீங்க? காட்டுங்க."

கொடுத்தேன். திருப்பினார். நான் பார்க்காமல் வைத்திருந்ததை ஒரு நொடியில் பார்த்துவிட்டார்.

"ஜனவரியோட முடிஞ்சுபோச்சு சார் இது. பிரிஞ்சு வேற கிடக்கு. எங்க வச்சிருந்தீங்க?"

"ஜீப்புல."

"வெயில்லயா?"

"வெயில்லதான்."

"எவ்வளவு போடுவீங்க?"

பட்டாணி என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டிக் காட்டினார். "ரெண்டு விரல் நீளம். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். கைக்குத் தனி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வேர்த்தா அதுக்கு முன்னாடியே. அஞ்சு வருஷமா உங்களுக்குத் தெரியாத விஷயமா சார்?"

தெரிந்த விஷயம்தான். 

"புண்ணு மேல பூசினீங்களா?"

அதற்கும் ஆமாம். பொடிசு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா பாட்டிலைக் காலடியிலிருந்த குப்பைக் கூடைக்கு மேலே கொண்டுபோனார். நான் எழுந்து அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். நாற்காலி கீழே விழுந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு. பாட்டிலின் மேலிருந்த எழுத்தை அவர் அப்போதுதான் கவனித்திருக்கவேண்டும்.

"யார் எழுதினது?"

"என் மனைவி."

குப்பைக் கூடையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னார்: "அலமாரியில வச்சுக்கோங்க. தோல்ல வைக்காதீங்க."

பிறகு ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். நோய் சிறுநீரகத்தில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அடுத்த செவ்வாய்க்கிழமை தெரியும். மூன்று வாரம் வெளிவேலை கூடாது.

திரும்பி வரும்போது பொடிசு ஒன்றே ஒன்று கேட்டாள்: "சிறுநீரகம்னா, அது போச்சுன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"நீ சொல்றத நான் நம்பணுமா?"

ஏப்ரல் 2, வியாழன்

மருந்துக்கடைக்காரம்மா புது பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசி இரண்டு மூன்று நாள் பாருங்கள், அரித்தால் நிறுத்திவிடுங்கள், கண்ணில் படக்கூடாது, வெட்டுக் காயத்தில் படக்கூடாது, வேறு களிம்பு போட்டால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். "வீட்டம்மா வரலையா? அவங்கதானே எப்பவும் வாங்குவாங்க, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி" என்றார்.

"இல்ல" என்றேன். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று அவர் கேட்கவில்லை.

புது பாட்டில் மேசைமேல் இருக்கிறது. திறக்கவில்லை. மேலே எதுவும் எழுதாத பாட்டில் இந்த வீட்டில் இது ஒன்றுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுதவா வேண்டாமா. எழுதுகிறேன்.

காலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பொடிசு பழைய பாட்டிலை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா மாதிரி இல்லை, நான் நின்ற மாதிரி.

"இதுல இருபது கோடு இருக்கு. என்னப்பா இது?"

"மட்டம்."

"என்ன மட்டம்?"

சொன்னேன். பட்டாணி, அரை மில்லி, ஐம்பத்தொன்பது நாள், மே 22. வேலை விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"தீர்ந்துடக் கூடாதுன்னா?"

"ம்."

"அதுக்காக உன் உடம்ப... அம்மா போனப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஸ்கூல்ல இருந்தேன். நீயும் போகப்போற, ஆனா உனக்குத் தேதி தெரியும், கோடு போட்டு வச்சிருக்க. அப்படித்தானே? எனக்கு இருக்கிறது நீ மட்டும்தான்ப்பா. அது உன் கணக்குல எங்கயாவது வருதா?"

வரவில்லை. வரவே இல்லை. நான் போட்ட அத்தனை கணக்கிலும் இவள் இல்லை. அதைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன மனுஷன்டா நீ?

அவள் குளியலறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு ஷாம்பு பாட்டிலோடு வந்து என் முன்னால் டக்கென்று வைத்தாள். திறந்தது 2/11. சாய்ந்து படுத்த 'ற'.

உள்ளே வெறும் தண்ணீர். குலுக்கினால் நுரைகூட வரவில்லை.

"தீரத் தீரத் தண்ணி ஊத்தினேன். போன மாசம் வரைக்கும் வாசனை இருந்துச்சு."

"அப்ப தலைக்கு?"

"பச்சைத் தண்ணி மாதிரி இதுதான். நாலு மாசமா."

அவள் தலையைப் பார்த்தேன். ஐந்து மாதமாக இந்தப் பெண்ணின் தலையை நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. எண்ணெய் பிசுக்கு ஏறி, சிக்குப் பிடித்து, காக்கை கூடு கட்டலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்தது. அவளும் சிரித்தாள், அப்புறம் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இரண்டு பாட்டிலும் இப்போது அலமாரியின் மேல்தட்டில். அவளே வைத்தாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சிறுநீரில் புரதம் கொஞ்சம் போகிறதாம். "ஆரம்பம்தான். மாத்திரையக் கூட்டுறேன். இனிமே வெயில்ல விளையாடாம இருந்தா நிக்கும். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

பொடிசு அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜூலை 7.

ஏப்ரல் 15, புதன்

அலுவலகத்தில் வரைபடம். கொப்புளம் காய்ந்து தோல் உரிகிறது. வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 23, வியாழன்

கழுத்துப் புண் முழுக்க ஆறிவிட்டது. திங்கட்கிழமை வெளிவேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்குள் முழங்கையில் பூசிப் பார்க்கவேண்டுமே, இன்றாவது திறந்தாக வேண்டும். மூடியில் கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

பொடிசு வந்து வாங்கித் திறந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். மார்க்கரை எடுத்து எழுதினாள்: திறந்தது 23/4. அவளுடைய 'ற' நேராக நிற்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள். அவள் அம்மா ஒருநாளும் எழுதாத வரி.

தீர்க்க வேண்டியது 23/5.

"ஒரு நாள் தள்ளிப் போனாலும் பேச மாட்டேன்" என்றாள்.

ஏப்ரல் 27, திங்கள்

முழங்கையில் அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை.

காலை 7:10. முகம், கை. இரண்டு விரல் நீளம், பெரிய அநியாயமாகத் தெரிந்தது. செய்தித்தாளை விரித்தேன். பின்னாலிருந்து காலரை விலக்கினாள். கை சில்லென்று இல்லை, சூடாக இருந்தது. எல்லாம் ஒரே மாதிரியா இருக்கும்? அவசரக்காரி, இரண்டு இழுப்பில் முடித்துவிட்டாள். நான் தோளைக் குறுக்கவில்லை.

7:30-க்குத்தான் வாசலைத் தாண்டினேன். பாட்டிலை ஜீப்பில் வைக்கவில்லை, ஒட்டகம் தன் சாப்பாட்டுப் பையில் துணி சுற்றி வைத்துக்கொண்டான். அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்: 9:10. 11:10. 1:10. 3:10. பின்கழுத்து - ஒட்டகம். "சார், நிமிர்ந்து நில்லுங்க, ரொம்பக் குனிய வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டான்.

மட்டம் மூன்று மில்லிமீட்டரில் முடிந்தது.

மே 11, திங்கள்

மத்தியானம் ஃபோன். பொடிசு, கோடைச் சிறப்பு வகுப்பு இடைவேளையிலிருந்து. "பூசியாச்சா?"

"ஆச்சு."

வைத்துவிட்டாள்.

மே 22, வெள்ளி

காலையில் பாட்டில் தீர்ந்தது. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால். பிதுக்கிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. குப்பைக் கூடையில் போட்டேன்.

பொடிசு தூங்கிக்கொண்டிருந்தாள். புதியதை நானே திறந்து நானே எழுதினேன். திறந்தது 22/5. என் 'ற' கோணலாக வந்திருக்கிறது.